நியூட்டனின் தப்புக் கணக்கும் கூரை ஸ்பீக்கரும்

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மார்கழிக் கச்சேரிகளை வீட்டிலேயே கேட்பதற்காக ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கில் இரண்டு ஸ்பீக்கர்களைப் பதித்திருக்கிறார். பாட்டு தெளிவாக இருக்கிறது. மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பி மட்டும் குடத்துக்குள் அடித்ததுபோல் கும்மென்று நீள்கிறது. சீலிங் வேலை செய்தவர் மேலே ராக்வுல், அதாவது பாறையை உருக்கி இழைத்த பஞ்சு, வைக்கச் சொல்கிறார். பஞ்சு போன்ற ஒன்று ஒலியை என்ன செய்துவிடும் என்பது வாசகியின் கேள்வி.

ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கக் காற்றை நெருக்கும்போது பின்பக்கக் காற்றை விரிக்கிறது. ஆகவே பின்னாலும் அதே அளவு ஒலி பிறக்கிறது. அதை அடைத்து வைக்க மேசை ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி உண்டு. கூரையில் இருப்பது கீழே 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு, மேலே கான்கிரீட் தளம், நடுவில் அரை அடிக் காற்று. கான்கிரீட்டில் மோதிய ஒலி கூம்பின் வழியாகவே தாமதமாக ஹாலுக்குள் இறங்குகிறது. போர்டும் சேர்ந்து அதிர்கிறது. அடைபட்ட காற்று ஸ்பிரிங் போலக் கூம்பைத் திருப்பித் தள்ளுகிறது. தொப்பி நீள்வது பெரும்பாலும் இவற்றால்தான்.

ராக்வுல் இழைகளில் உரசி ஒலி வெப்பமாகிறது என்று எல்லோரும் சொல்வோம். உச்ச ஸ்தாயிக்கு அது போதும். ஆனால் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். கான்கிரீட்டை ஒட்டி வைத்த 50 மில்லிமீட்டர் பஞ்சுக்குள் அந்த அலையின் காற்று அசைவதே அரிது. உரசலுக்கு வேலை இல்லை. தொப்பிக்கு உதவுவது வேறொன்று. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

1687இல் நியூட்டன் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டபோது, நெருக்கப்படும் காற்றின் வெப்பநிலை மாறாது என்று எடுத்துக்கொண்டார். விடை சுமார் 15 சதவீதம் குறைந்தது. நெருக்கினால் காற்று சூடாகும், அந்தச் சூடு வெளியேற அவகாசம் இல்லை, அதனால் காற்று இன்னும் விறைக்கும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் பின்னர் திருத்தினார். பிளஸ் ஒன்னில் இதைப் படித்திருப்பீர்கள்.

இப்போது அந்தக் காற்றுக்குள் ராக்வுல்லை வையுங்கள். ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ, அதே இடத்து ராக்வுல் 48 கிலோ. வெப்பத்தை ஏற்கும் திறன் முப்பது மடங்குக்கு மேல். காற்று நெருங்கிச் சூடாகும்போது இழைகள் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. விரியும்போது திருப்பித் தருகின்றன. தாழ்ந்த ஒலிக்கு இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நேரம் இருக்கிறது. வெப்பநிலை ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. பஞ்சுக்குள் நியூட்டனின் கணக்கே சரியாகிவிடுகிறது! சென்னையின் 30 டிகிரியில் விநாடிக்கு 349 மீட்டராக ஓடும் ஒலி, 295ஐ நோக்கி மெதுவாகிறது. ஸ்பிரிங் தளர்ந்து, சின்ன அறை பெரிய அறைபோல நடந்துகொள்கிறது. கோட்பாட்டளவில் 1.4 மடங்கு வரை. நடைமுறையில் அதைவிடக் குறைவு. சூடு கைமாறுவதில் உள்ள சிறு தாமதம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றலைத் தின்கிறது. கூம்பின் துள்ளல் அடங்குகிறது.

லாப்லாஸின் இந்தத் திருத்தத்தைத் தேர்வுக்கான சமன்பாடாக மட்டும் சொல்லிக்கொடுத்து முடித்துவிடுகிறோமே என்பது என் ஆற்றாமை. அதன் பலன்தான், கேபிளை ஒரு திசையில் மாட்டினால் இசை இனிக்கும் என்று நம்பி ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு பஞ்சுக்குப் போதும்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் ஜிப்சத்திலோ பிளைவுட்டிலோ ஒரு பெட்டி அடித்து, இடுக்குகளை சீலன்ட்டால் அடையுங்கள். உள்ளே ராக்வுல்லைத் திணிக்காமல் தளர்வாக நிரப்புங்கள். தெர்மாகோல் வேண்டாம், அதன் அறைகள் மூடியவை, காற்று நுழையாது. துளையைச் சுற்றி இன்னொரு போர்டை வைத்து, உலோகச் சட்டத்தோடு சேர்த்து முடுக்குங்கள். ஏசி குழாய் சொட்டும் இடமென்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள்; நனைந்த பஞ்சில் காற்றுக்கு இடமில்லை. விளக்குகளுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டிகளைப் பஞ்சால் மூடக்கூடாது. கையுறையும் முகக்கவசமும் அவசியம்.

மேல் வீட்டுக்காரருக்கு தொப்பி கேட்பதைப் பஞ்சு மட்டும் தடுக்காது. அதற்கு எடையும் காற்றுப்புகா அடைப்பும் வேண்டும். பெட்டிக்கு இரண்டு அடுக்கு போர்டு போடச் சொல்லுங்கள்.