ஒரே மரத்தை வரிசையாக நட்டால் தழைச்சத்து தங்காது

சனிக்கிழமை காலையில் மரம் நட வருகிறவர்களில் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார். போன மாதம் கேட்டவர் இங்கே சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், எழுபது வயதைத் தாண்டியவர். "ஏன் தம்பி, இத்தனை வகைக் கன்றைக் கொண்டுவந்து கலந்து கலந்து நட வைக்கிறீங்க? சீக்கிரம் வளர்ற ஒரே மரத்தை வச்சிட்டா வேலை முடிஞ்சிடுமே?" மழை இருட்டிக்கொண்டு வந்ததால், "மண்ணுக்கு அதுதாங்கய்யா நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். நிலவனப்பு வேலையில், அதாவது மரம் செடி நட்டுப் பராமரிக்கும் வேலையில், பதினைந்து ஆண்டு இருந்துவிட்டு அப்படி ஒற்றை வரியில் முடித்தது எனக்கே பொறுக்கவில்லை. முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

நைட்ரஜனை நம் விவசாயிகள் தழைச்சத்து என்பார்கள். காற்றில் 78 விழுக்காடு அதுதான், ஆனால் மரத்தால் அதைக் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்ள முடியாது. சில மரங்களின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா அதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உதிர்ந்த இலை மக்கி மண்ணில் சேர வேண்டும். காட்டு மரம் ஓர் ஆண்டில் உறிஞ்சுவதில் பெரும்பகுதி இந்த மக்கிலிருந்து திரும்பக் கிடைப்பதுதான். சிங்கப்பூரிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மக்கியதில் உள்ள தழைச்சத்து நைட்ரேட் என்னும் நீரில் கரையும் வடிவமாக மாறிவிட்டால் மண் துகள்கள் அதைப் பெரிதாகப் பிடித்து வைப்பதில்லை, மழைநீரோடு கால்வாய்க்குப் போய்விடும். ஆக, சத்தை எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட எப்படித் தங்க வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

இதை நான் அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்பேட்டை ஓரம் ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டோம், இடத்துக்காரர்களுக்குச் சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்று அவசரம். இரண்டாம் ஆண்டு இலை வெளுத்தது, யூரியா போட்டோம். அடுத்த வாரம் அடைமழை. கொஞ்ச நாளில் பக்கத்துச் சாக்கடையில் பாசி மண்டியது, மரங்கள் அப்படியே வெளுத்து நின்றன. எங்களோடு வேலை பார்த்த புதுக்கோட்டை அண்ணன் ஒருவர் அப்போது சொன்னார்: "எங்க ஊர்ல நடவுக்கு முன்னாடி கொழிஞ்சி, தக்கைப்பூண்டுன்னு பசுந்தாள் உரச்செடியை மடக்கி உழுவோம் சார். இங்க விழுற இலையை எல்லாம் மூட்டை கட்டி லாரியில ஏத்திட்டு, அப்புறம் உர உப்பை வாங்கிக் கொட்டுறோம்." அதற்குமேல் எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

சரி, பல மரம் இருந்தால் என்ன மாறுகிறது? மெல்லிய இலை சில வாரங்களிலேயே மக்கும், தோல் போன்ற தடித்த இலைக்கு நெடுங்காலம் ஆகும், ஆகவே சத்து ஒரே வீச்சில் வெளியேறாமல் தவணை தவணையாக வருகிறது. ஒன்றின் வேர் மேலாக ஓடும், இன்னொன்று ஆழம் போகும், மேல் வேர் தவறவிட்டதைக் கீழ் வேர் பிடிக்கும். மெராந்தி, செராயா போன்ற நம் காட்டு மரங்களின் வேரைச் சுற்றிப் பூஞ்சை இழைகள் வாழ்கின்றன, முழுசாக மக்காத பொருளிலிருந்தும் சத்தை எடுத்து வேருக்குக் கொடுப்பவை அவை. ஒரே மரம் மட்டும் நிற்கும் இடத்தில் எல்லா வேரும் ஒரே ஆழத்தில் ஒரே உணவுக்குப் போட்டி போடும்.

கனடாவின் தேசியக் காட்டுக் கணக்கெடுப்பில் உள்ள 361 இடங்களின் தரவை ஆராய்ந்து 2023-ல் ஒரு கட்டுரை வந்தது. ஒரே இனம் கோலோச்சும் காட்டையும் பல இனங்கள் சரிசமமாக நிற்கும் காட்டையும் ஒப்பிட்டால், பல ஆண்டுகளில் மேலடுக்கு மக்கில் சேரும் நைட்ரஜன் 42 விழுக்காடு வரை கூடுகிறது. இயல்பில் மாறுபட்ட மரங்கள் கலந்திருந்தால் அதற்குக் கீழே உள்ள மண்ணில் 50 விழுக்காடு வரை. அது குளிர்நாட்டுக் காடு, அந்த எண்களை அப்படியே நம் ஊருக்குத் தூக்கி வர முடியாது. ஆனால் வெறும் எண்ணிக்கையைவிட மரங்களின் குணம் மாறுபடுவது முக்கியம் என்பது இங்கேயும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

"அப்படியானால் தழைச்சத்து தரும் மரத்தையே நிறைய வைக்கலாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. அல்பீசியா அப்படிப்பட்ட மரம்தான். 19-ஆம் நூற்றாண்டில் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு, கொண்டுவரப்பட்டது, இன்று கைவிடப்பட்ட நிலங்களில் தானாகவே முளைத்து நிற்கிறது. அசுர வேகத்தில் வளரும், கிளையோ எளிதில் முறியும். இதே மரம் ஹவாயில் எரிமலைக் குழம்பு ஆறிய நிலங்களில் பரவியபோது மண்ணில் நைட்ரஜன் ஏறியது, அந்தச் செழிப்பில் தழைத்தது வெளியிலிருந்து வந்த ஸ்ட்ராபெரி கொய்யா, அந்த மண்ணுக்கே உரிய ஓஹியா மரம் நலிந்துபோனது. சத்து ஏறுவதே காட்டுக்கு நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. இன்னொன்று, நெற்றுக் காய்க்கும் மரமெல்லாம் தழைச்சத்து தரும் என்று பலர் நம்புகிறார்கள். தூங்குமூஞ்சி தரும், கொன்றைக்கு வேர் முடிச்சே கிடையாது.

இந்தத் தீவின் மண்ணுக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் காம்பியர் என்ற, தோல் பதனிடவும் சாயமிடவும் உதவும் செடியைப் பயிரிட்டவர்கள் காட்டை அழித்து, இலையைக் காய்ச்ச விறகுக்கு மேலும் வெட்டி, மண் களைத்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். அப்படி விட்டுப்போன அமில மண்ணில் இன்றும் தியூப் தியூப் போன்ற ஒருசில மரங்களே அதிகம் தலையெடுக்கின்றன. ஏறத்தாழ 163 ஹெக்டேர் கொண்ட புக்கிட் தீமா வனத்தில் நுழைந்தால் வேறுபாடு காலடியிலேயே தெரியும், பல வடிவ இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

2020-ல் ஒரு மில்லியன் மரங்கள் இயக்கம் தொடங்கியதிலிருந்து மண்வெட்டி பிடிக்க வரும் நம்மவர்கள் கூடியிருக்கிறார்கள், மனசு நிறைகிறது. அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்களுக்குத் தரும் கன்று குட்டையாக, மெதுவாக வளர்வதாக இருந்தாலும் குறித்த இடத்திலேயே நடுங்கள், அழகுக்காக ஒரே வகையைச் சேர்த்து வைக்காதீர்கள். காட்டோரம் வீட்டு உரத்தையோ சமையல் கழிவையோ கொட்ட வேண்டாம். கூட்டுரிமை வீட்டு (காண்டோமினியம்) நிர்வாகக் குழுவில் இருந்தால், மரத்தடி இலையைக் கூட்டி அள்ளும் வேலையை ஒப்பந்தத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நடைபாதையைப் பெருக்கினால் போதும், மரத்தடி இலை அங்கேயே கிடக்கட்டும். கொசு பயம் என்றால், நீர் தேங்கும் தட்டு, டப்பாக்களை அப்புறப்படுத்துங்கள்.