வேனில் சிலிண்டர் ஏற்றும் முன்

“கடை எங்க இருக்கு?” என்று கேட்டார் கேஸ் ஏஜென்சி மேசையில் இருந்தவர்.

“கடையே வேன்லதானுங்க சார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிப்பாட்டுவேன்.”

“அப்ப வாடகை ஒப்பந்தம் இல்ல. ஜிஎஸ்டியும் இல்ல. அதெல்லாம் எடுத்துட்டு வாங்க, கமர்ஷியல் சிலிண்டர் தர்றோம்.”

டிபன் வேன் போட்டிருந்த அந்தத் தம்பி மூன்று முறை போனார், மூன்று முறையும் இதே பதில். நாலாவது வாரம் வீட்டு சிவப்பு சிலிண்டரைத் தூக்கி வேனில் வைத்தார். கொஞ்ச நாளில் சோதனை வந்தது. சிலிண்டரும் அடுப்பும் போயின, வீட்டு இணைப்பும் முடங்கியது. முறையாக வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிய மேசைக்காரருக்கு எந்த நோட்டீசும் வரவில்லை.

டிபன் வேன், கோயில் சுற்றுலா வண்டி, ஷூட்டிங் கேரவன், சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் கேம்பர் வேன் எல்லாவற்றுக்கும் சிக்கல் ஒன்றுதான். சட்டம் கேஸ் இணைப்பை ஒரு வீட்டு முகவரியில் கட்டிப்போடுகிறது. வண்டிக்கு முகவரி கிடையாது.

சட்டத்தை ரெண்டு வரியில் முடித்துவிடலாம். 2000-ஆம் ஆண்டின் எல்பிஜி வழங்கல் ஆணைப்படி 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும். 2001-இல் வந்த இன்னொரு ஆணைப்படி, வண்டி இன்ஜின் கேஸில் ஓட வேண்டுமானால் வண்டியோடு பொருத்தப்பட்ட டேங்க் வேண்டும், ஆட்டோ எல்பிஜி பங்கில்தான் நிரப்ப வேண்டும். இவற்றை மீறினால் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் பாயும். தண்டனை மூன்று மாதத்திலிருந்து ஏழு வருடம் வரை.

“கேஸ் புத்தகம் என் பேர்லதான் இருக்கு, காசு கொடுத்துதான் வாங்கினேன்” என்ற வாதம் எடுபடாது. சிலிண்டர் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, எதற்குப் பயன்பட்டது என்றுதான் கேட்பார்கள். வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், வணிக சிலிண்டருக்கு 18. அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கிறீர்கள் என்றுதான் அதிகாரி பார்ப்பார். குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறவர்கள் “நாங்க விக்கலையே” என்பார்கள். சோதனைச் சாவடியில் நின்று அதை நிரூபித்துக்கொண்டிருப்பதை விட வேறு சிலிண்டர் வாங்குவது எளிது.

அந்த வேறு சிலிண்டர்தான் 5 கிலோ சிலிண்டர். இந்தியன் ஆயில் இதை ‘சோட்டு’ என்று விற்கிறது, ஹெச்பி ‘அப்பு’ என்கிறது, பாரத் ‘மினி’ என்கிறது. இணைப்பு வேண்டாம், முகவரிச் சான்று வேண்டாம், ஓர் அடையாள அட்டை போதும். ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். அந்தத் தம்பிக்கு முதல் நாளே இதை ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் பல ஏஜென்சிகளில் இது அலமாரிக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடக்கிறது. “ஸ்டாக் இல்ல” என்பார்கள். “வீட்டு இணைப்பு இருக்கே, அது எதுக்கு?” என்பார்கள். வீட்டு இணைப்பு இருப்பது தடையே இல்லை. அடுப்பையும் சேர்த்து வாங்கச் சொல்வார்கள், அதற்கும் கட்டாயம் கிடையாது.

வெளியூர் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, காலி சிலிண்டரை அதே கம்பெனிக்காரரிடம்தான் மாற்ற முடியும். கிளம்பும் முன் வழியில் அந்தக் கம்பெனிக்கு எங்கே விற்பனை இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரக்கடையில் தொங்கும் குட்டி சிலிண்டர் இது இல்லை. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத அந்தச் சாமானை நிரப்பித் தருகிறவர், பெரும்பாலும் பின்கட்டில் சிவப்பு சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் நிரப்புகிறார். ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு அப்படி மாற்றுவதே குற்றம். ஓடுகிற வண்டியில் அது குண்டு.

தினமும் சமைப்பவருக்கு 5 கிலோ கட்டுபடியாகாது, 19 கிலோ வணிக சிலிண்டர் வேண்டும். இங்கேதான் அலைக்கழிப்பு. ஜிஎஸ்டி கேட்டால் பதற வேண்டாம். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன உணவு வியாபாரிக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. “பதிவு பெறாதவர்” என்று எழுதிக் கொடுங்கள். முகவரிக்கு வீட்டு முகவரி, தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, இருந்தால் தெரு வியாபாரி அட்டை, வண்டியின் ஆர்சி நகல் எல்லாம் சேர்த்து நீட்டுங்கள். அப்புறமும் முடியாது என்றால் வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். “முடியாதுங்கறதை எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள். எழுதித் தர மாட்டார், ஆனால் குரல் இறங்கும். இறங்காவிட்டால் 1800-2333-555 என்ற இலவச எண்ணில் புகார் பதியுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்க வேண்டாம். எண் இல்லாத புகாரைப் பற்றி யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

டெபாசிட் கட்டியதும் ஒரு சீட்டு தருவார்கள், எஸ்.வி. என்பார்கள். அதைப் படம் எடுத்து வையுங்கள். தொழிலை நிறுத்தி பணத்தைத் திரும்பக் கேட்கும் நாளில் அந்தச் சீட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

சரி, மாட்டிக்கொண்டாகிவிட்டது என்று வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் வேனைக் கோயில் சுற்றுலாவுக்கு வாடகைக்கு விட்டார். சமையல்காரர் ரெண்டு சிவப்பு சிலிண்டரை டிக்கியில் ஏற்றியிருந்தார். சிலிண்டரோடு வேனும் பறிமுதல். ஒன்றரை மாதம் வேன் வெயிலில் நின்றது. தாலுகா அலுவலகத்தில் “ஃபைல் மேல போயிருக்கு” என்ற ஒரே பதில்தான் அவருக்குக் கிடைத்தது.

அவருக்கு யாரும் சொல்லாதது இது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் 6பி பிரிவுப்படி, எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, உங்கள் பதிலைக் கேட்காமல் எதையும் அரசுடைமை ஆக்க முடியாது. வண்டி உங்களுக்கும் உங்கள் ஆளுக்கும் வண்டிப் பொறுப்பில் இருந்தவருக்கும் தெரியாமல் பயன்பட்டது, எல்லாரும் உரிய கவனத்தோடுதான் இருந்தீர்கள் என்று காட்டினால் வண்டியை எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கும் மேலே, வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் 6ஏ பிரிவு இன்னொரு வழி தருகிறது. வண்டிக்குப் பதிலாக அபராதம் கட்டலாம், அந்த அபராதம் பிடிபட்ட பொருளின் சந்தை விலையைத் தாண்டக் கூடாது. ரெண்டு சிலிண்டர் கேஸ் என்ன விலை வரும்? அதற்காக ஒரு வேன் ஒன்றரை மாதம் நின்றது.

ஆகவே பிடிக்கும் அன்றே மகஜர் நகல் கேட்டு வாங்குங்கள், என்னென்ன பறிமுதல் என்று அங்கேயே எழுதும் பதிவுதான் மகஜர். தேதி, நேரம், சிலிண்டர் எண் சரியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மறுநாளே கலெக்டர் பெயருக்கு 6ஏ-வைக் குறிப்பிட்டு மனு கொடுத்து, ஒப்புகைச் சீல் வாங்குங்கள். உத்தரவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான்.

இனி ஜெனரேட்டர். வெளிநாட்டு வீடியோக்களில் ஒரே கேஸ் டேங்கில் அடுப்பு, ஹீட்டர், ஜெனரேட்டர் எல்லாம் ஓடுவதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அதையே செய்யக் கிளம்புகிறார்கள். இங்கே ஆட்டோ எல்பிஜி டேங்குக்குக் கிடைக்கும் அனுமதி இன்ஜினுக்கு மட்டும். பங்கில் கையோடு கொண்டுபோன சிலிண்டரை நிரப்பித் தரவும் கூடாது. கேஸ் ஜெனரேட்டர் வேண்டுமானால் 19 கிலோ அல்லது 5 கிலோ சிலிண்டரில்தான் ஓட்ட வேண்டும். ஒரு கிலோ கேஸில் தோராயமாக ரெண்டரை யூனிட் மின்சாரம் கிடைக்கும். 5 கிலோவில் ஏசி ஒரு ராத்திரி ஓடும், அவ்வளவுதான். வேக வேகமாக உறிஞ்சினால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கும், ஜெனரேட்டர் திக்கும். அதற்கு வெந்நீர் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

உயிருக்கு ஆபத்து கேஸை விடப் புகையில்தான் அதிகம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனில் ரெண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று சோதனையில் தெரிந்தது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எந்த எரிபொருளானாலும் ஜெனரேட்டரை ஓடவிட்டு, கதவைச் சாத்தி, வண்டிக்குள் தூங்காதீர்கள். கேஸ் கசிந்தாலாவது மூக்குக்குத் தெரியும். அது காற்றை விடக் கனமானது, தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டர் அறைக்குக் காற்றுத் துளை அடியில் இருக்க வேண்டும். கேஸ் கசிந்தால் 1906 என்ற எண்ணுக்கு போன் போடுங்கள்.

தரையை வெட்டி, டேங்க் கட்டி, ஜெனரேட்டர் பொருத்தி வண்டியை மாற்றுகிறவர்கள் ஆர்டிஓ ஒப்புதல் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பாடி கட்டும் பட்டறைக்காரர் “அதெல்லாம் பாத்துக்கலாம்ணே” என்பார். நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் முதலில் தேடுவது ஆர்சியில் இல்லாத மாற்றத்தைத்தான். கேஸ் கம்பெனிகள் எடுத்து வைத்திருக்கும் விபத்துக் காப்பீட்டில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை உண்டு, ஆனால் பதிவு செய்த முகவரியில் நடந்தால்தான். நடுரோட்டில் எரிந்த வேனுக்கு அது வராது.

ரயிலில் சிலிண்டர் எந்த நிறத்திலும் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் ரகசியமாக ஏற்றி வந்த சிலிண்டரால் ஒன்பது பேர் இறந்தார்கள். பைக்கிலும் கொண்டுபோகக் கூடாது, எல்லாரும் கொண்டுபோகிறார்கள் என்பது வேறு விஷயம்.

சிலிண்டரைக் கையில் வாங்கும்போது கைப்பிடித் தகட்டின் உள்பக்கம் பாருங்கள். சிலிண்டரை அடுத்துச் சோதிக்க வேண்டிய கெடு ஓர் எழுத்தும் வருடமுமாக இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தக் கெடு தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தராசு ரிப்பேர் என்பார்கள். பக்கத்துக் கடைத் தராசுக்குத் தூக்கிப் போங்கள்.