பழம் போட்டுச் செய்தால் சீனி இல்லாமல் போய்விடுமா?

நேற்றுப் பின்னேரம் கிளினிக் முடிந்து கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம், ஒரு அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வயது 64, சீனி வருத்தம் வந்து 11 வருடம். சில நாட்களாக அடங்காத தண்ணீர் விடாய், இரவில் ஐந்தாறு தரம் எழும்பிப் போகிறார், கண்ணும் மங்கல். விரலில் குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி 412 mg/dL. என்னம்மா சாப்பிட்டீங்கள் என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை டொக்ரர். மகள் கனடாவில இருந்து வந்து நிக்கிறா, நத்தாருக்கெண்டு பேரீச்சம்பழத்தை மாவுக்கு நடுவில வைச்சுச் சுட்டுத் துண்டு துண்டா வெட்டிற 'பார்' செய்தவ. அதுக்குச் சீனியே போடேல்லை. பழம்தானே எண்டு காலமை ரெண்டு, பின்னேரம் ரெண்டு தேத்தண்ணியோட எடுத்தனான்."

பக்கத்தில் நின்ற மகளின் கண் கலங்கிவிட்டது. பாவம், அம்மாவும் எல்லோருடனும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றுதான் தேடிப் பார்த்துச் 'சீனி இல்லாத' செய்முறையாக எடுத்துச் செய்திருக்கிறார். அம்மாவை வார்டில் சேர்க்க வேண்டி வந்தது. இந்த மார்கழியில் இதே கதையோடு என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள், நான்கு பேரும் சொன்ன வசனம் ஒன்றேதான்: சீனி போடேல்லை. வருசப் பிறப்புக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, அதற்குப் பிறகு தைப்பொங்கல், அதனால்தான் இரவோடு இரவாக இதை எழுதுகிறேன்.

அந்த மகளிடம் என்னென்ன போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். பேரீச்சம்பழம் 250 கிராம், பனங்கட்டி 200 கிராம், ரின்பால் அரை ரின் (அது 200 கிராம் வரும்), கோதுமை மாவும் ஓட்ஸுமாக 200 கிராம், பட்டர். சுட்டு 16 துண்டாக வெட்டியிருக்கிறார். சரி, கணக்குப் பாருங்கள். பேரீச்சம்பழத்தில் மூன்றில் இரண்டு பங்கு சீனிதான், ஆக 160 கிராம் அதிலேயே வருகிறது. பனங்கட்டியில் 170 கிராம் அளவில் வரும். ரின்பாலில் பாதிக்கு மேல் சீனி, அது ஒரு 110 கிராம். மொத்தம் 440 கிராம், பதினாறால் பிரித்தால் ஒரு துண்டுக்கு 27 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கு மேலே! அந்த அம்மா ஒரு நாளைக்கு நான்கு துண்டு சாப்பிட்டிருக்கிறார். தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி போடப் பயந்து வெறும் தேத்தண்ணி குடிக்கும் மனுசி, அதற்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு நாளும் இருபது கரண்டிக்கு மேல் சாப்பிட்டிருக்கிறார். மாவில் இருந்து வரும் மாச்சத்து இந்தக் கணக்கில் சேரவில்லை, அது துண்டுக்கு இன்னொரு 9 கிராம்.

பனங்கட்டியைப் பற்றி நான் வாய் திறந்தாலே கோபம் வருகிறது பலருக்கு. "அது இயற்கையானது டொக்ரர், எங்கட அப்பு அம்மம்மா எல்லாம் அதைத்தானே கடிச்சவை" என்பார்கள். எனக்கும் அதில் பாசம் உண்டு, ஓலைக் குட்டானில் இருந்து ஒரு துண்டை உடைத்துக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்து வளர்ந்தவன்தான் நானும். கருப்பநீரைக் காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகப் போகும், மிச்சமாக நிற்பது சீனி, கொஞ்சம் கனியுப்பு. கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சுக்குரோஸ்தான் பனங்கட்டியிலும் பெரும்பங்கு. நிறம் கறுப்பாக இருப்பதையும் எங்கள் வடலியில் இருந்து வந்ததையும் உங்கள் இரத்தம் கண்டுபிடிக்காது. சர்க்கரையும் இப்படித்தான், பிரவுண் சீனியும் இப்படித்தான். தேனில் இருப்பதும் பெரும்பாலும் சீனிதான், தேனை "மருந்து" என்று சொல்லிக்கொண்டு போத்தல் கணக்கில் ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்பு காலமை தொடங்கிப் பின்னேரம் மட்டும் தோட்டம் கொத்தியவர், துலா மிதித்தவர். நாங்கள் அப்படியா இருக்கிறோம்?

பேரீச்சம்பழத்தில் நார் இருக்கிறது, உண்மை. வெறும் பழமாக ஒன்றிரண்டு சாப்பிட்டால் சீனி சடாரென்று ஏறாது, அதுவும் உண்மை. ஆனால் ஊறவைத்து, அரைத்துக் களியாக்கி, ரின்பாலும் விட்டு இரண்டு மா அடுக்குக்கு நடுவில் வைத்துச் சுட்டபிறகு எத்தனை பழம் உள்ளே போகிறது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. பழமாக ஆறு பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னால் அந்த அம்மா மூன்றாவதிலேயே போதும் என்றிருப்பார். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குக் கீழ் இருந்தால் நல்லது என்பது. முழுப் பழத்தின் சீனியை அது கணக்கில் எடுப்பதில்லை. அதையும் விட்டுவிடுவோம். பனங்கட்டியையும் ரின்பாலில் சேர்த்த சீனியையும் மட்டும் பார்த்தாலே இரண்டாவது துண்டில் அந்த அளவு தாண்டிவிடுகிறது, இந்த அளவு சீனி வருத்தம் இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொன்னது. இலங்கையில் கடையில் விற்கும் சோடாப் போத்தலில் 2016இல் இருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சீனிக்கு நிறம் போடுகிறார்கள், வீட்டில் சுட்ட தட்டுக்கு யார் போடுவது?

இதைவிடப் பயங்கரமானது இன்னொன்று. "இண்டைக்கு இனிப்புச் சாப்பிடப்போறன்" என்று தாங்களாகவே ஒரு குளிசை கூடப் போடுவது, அல்லது பின்னேரம் பார் சாப்பிட இடம் வேண்டுமென்று மத்தியானச் சோற்றை விடுவது. போன கிழமை ஒரு ஐயா இரண்டையும் ஒன்றாகச் செய்தார். சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் குளிசை இரண்டு மடங்கு, மத்தியானம் ஒன்றும் இல்லை, விருந்தினர் வந்து சேரப் பிந்திவிட்டது. கதிரையில் வியர்த்து நடுங்கிக்கொண்டு இருந்தவருக்குச் சீனி 46. வீட்டுக்காரர் ஓடிப்போய் அந்தப் பாரையே வாயில் வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், பட்டர் சேர்ந்த இனிப்பு சமிபாடடைய நேரம் எடுக்கும். 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள், கூடவில்லை என்றால் இன்னொரு தரம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் விடக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். குளிசையை, ஊசியை உங்கள் பாட்டில் கூட்டிக் குறைக்க வேண்டாம். கொண்டாட்ட நாளிலும் மூன்று நேரச் சாப்பாடு சாப்பாடாகவே இருக்க வேண்டும்.

அப்போ செய்யவே கூடாதா என்று கேட்பீர்கள். செய்யுங்கள், எல்லோரும் கூடுகிற நாளில் செய்யாமல் எப்போது செய்வது? பனங்கட்டியையும் ரின்பாலையும் அடியோடு விடுங்கள், பேரீச்சம்பழத்தின் இனிப்பே தாராளம். சுடுதண்ணீரில் ஊறவைத்து மசித்து, கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் தோடம்பழத் தோல் துருவலும் சேர்த்தால் இனிப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். வறுத்த எள்ளோ கச்சானோ மேலே தூவலாம், ஆனால் கச்சான் போட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள், அது ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்னாசியில் செய்வதென்றால் சின்னனாக அரிந்து கறுவாப்பட்டையோடு தண்ணீர் வற்றும்வரை கிண்டினால் போதும், சீனி கேட்காது. அப்புறம் அதே தட்டை 36 துண்டாக வெட்டுங்கள். அப்படி வெட்டினால் பேரீச்சம்பழ பார் ஒரு துண்டுக்குச் சீனியும் மாச்சத்துமாக 8, 9 கிராமோடு நிற்கும். சாப்பாட்டோடு சேர்த்து ஒன்று, சோற்றை இரண்டு கரண்டி குறைத்துக்கொண்டு. மிச்சத்தைக் கண்ணில் படும் இடத்தில் வைக்காமல் வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாம் வகை நீரிழிவு வந்து இன்சுலின் போடும் பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களை எல்லோருக்கும் முன்னால் "உனக்குக் கூடாது, நீ எடுக்காதை" என்று மறிக்கிற மாமிமாரிடமும் சித்திமாரிடமும் நான் கெஞ்சிக் கேட்கிறேன், அப்படிச் சொல்லாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை ஒன்று அதைக் கேட்டுவிட்டு அறைக்குள் போய் இருந்ததாக ஒரு தாய் என்னிடம் சொல்லி அழுதார். அந்தப் பிள்ளையும் ஒரு துண்டு சாப்பிடலாம், அதற்கு ஏற்ற ஊசியளவைத் தாயும் தகப்பனும் கணக்குப் பார்த்துப் போடுவார்கள், அவர்களுக்கு அது தெரியும். அவர்களுக்குத் தெரியாதது நீங்கள் என்ன போட்டீர்கள் என்பதுதான். பழம் எத்தனை கிராம், மா எத்தனை கிராம், இனிப்பு ஏதும் போட்டால் என்ன, எவ்வளவு, எத்தனை துண்டாக வெட்டினீர்கள் என்று ஒரு கடதாசியில் எழுதித் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.