ஆக்சிஜன் திரும்பி வரும்போதுதான் சிப்பிக்கு ஆபத்து

ஓதம் இறங்கிக் கடல் வற்றியதும், பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி தன் இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்கிறது. உள்ளே இருப்பது கொஞ்சம் கடல்நீர்தான். அதிலுள்ள ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துபோகும். அப்புறம் இதயத் துடிப்பைத் தணித்து, செலவைச் சுருக்கி, ஆக்சிஜன் இல்லாமலே ஆற்றல் எடுத்து மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. இதில் மிஞ்சும் சக்சினேட் என்ற பொருள் திசுக்களில் சேர்ந்துகொண்டே போகிறது.

சரி, தண்ணீர் ஏறி வந்தால் தொல்லை தீர்ந்ததா? இல்லை, அப்போதுதான் தொடங்குகிறது. ஓடு திறந்து ஆக்சிஜன் உள்ளே பாய்ந்ததும், தேங்கிக் கிடந்த சக்சினேட் வேகமாக எரியும். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எலக்ட்ரான்கள் கசிந்து ஆக்சிஜனோடு ஒட்டி, சூப்பராக்சைடு என்ற வீரியமிக்க துகளாக மாறும். அது செல்லின் கொழுப்புச் சவ்வையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் சிதைக்கும் சங்கிலியின் முதல் கண்ணி. மாரடைப்பில் அடைபட்ட ரத்தக்குழாய் மறுபடி திறக்கும்போது நம் இதயத் தசைக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுதான். நமக்கு அது பேராபத்து. சிப்பிக்கோ அன்றாடப் பாடு!

அதன் காவலில் முதல் ஆள் சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ் என்ற நொதி. 1969இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர்கள் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் இதன் வேலையைக் கண்டறிந்தார்கள். இது சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதையும் அப்படியே விட்டுவைக்க முடியாது. இரும்பு அயனி பட்டால் அது ஹைட்ராக்சில் என்ற மிகக் கொடிய துகளாகிவிடும். எனவே கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதி உடனே அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. செல்லில் உள்ள குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறும் தன் பங்குக்குக் கைகொடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதில் தெரியும் முன்னேற்பாடு. ஆக்சிஜனே இல்லாத அந்த மூடிய நேரத்திலேயே, பல இனங்கள் இந்த நொதிகளைக் குறையவிடாமல் வைத்திருக்கின்றன. சில கூட்டவும் செய்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களுக்கு ஒரு மாற்றுவழியும் உண்டு. அதில் கிடைக்கும் ஆற்றல் குறைவு, ஆனால் கசிவும் குறைவு.

வெயிலுக்கு வேறு ஆயுதம். 2012இல் பசிபிக் சிப்பியின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, வெப்பத்தில் உருக்குலையும் புரதங்களைக் காக்கும் எச்.எஸ்.பி.70 என்ற புரத வகைக்கு மட்டும் 88 மரபணுக்கள் இருந்தன. மனிதரிடம் இருப்பவை சுமார் 17.

இத்தனைக்கும் ஆற்றல் வேண்டும். வெப்பமும் மாசும் சேர்ந்து வந்தால், வளரவும் முட்டையிடவும் வைத்திருந்ததை எடுத்துத்தான் இந்தக் காவலுக்குச் செலவழிக்க வேண்டியிருக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2021 ஜூன் இறுதியில் கனடாவின் மேற்குக் கரையில் கடும் வெப்ப அலை வீசியபோது, கடல் நன்றாக வற்றியதும் பகல் நேரத்தில்தான். பாறைகளில் இருந்த சிப்பிகள் ஓடு விரிந்த நிலையில் கூட்டங்கூட்டமாகச் செத்துக் கிடந்தன.