தயிரில் பிரித்த பற்றீரியாவுக்கு ஆக்கவுரிமை எடுக்கப் போகிறீர்களா?

எருமைத் தயிரிலிருந்து நன்றாக உறையவைக்கும் ஒரு பற்றீரியா, தென்னங்கள்ளிலிருந்து சூட்டைத் தாங்கும் ஒரு மதுவம் (ஈஸ்ட்) என்று எதையாவது ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்ததும், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகளுக்கு வருகிற முதல் ஆசை அதற்கு ஆக்கவுரிமை (patent) எடுப்பது, அதாவது மற்றவர்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தாதபடி தங்கள் பெயரில் பதிவது. கந்தோர் கந்தோராக அலையுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

இலங்கையில் இதற்கான சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். உரிமை கொடுப்பது கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. பின்னணி இவ்வளவு போதும்.

பலர் விழுகிற குழி 62 ஆம் பிரிவு. இயற்கையில் கிடைக்கிற நுண்ணங்கிக்கு ஆக்கவுரிமை இல்லை. அதன் மரபணுத் தொகுதியை முழுவதுமாக வாசித்து முடித்திருந்தாலும் இல்லை. வேறோர் உயிரின் மரபணுவைப் புகுத்தி மாற்றியிருந்தால் கேட்கலாம். மனித இன்சுலினை உருவாக்கும் ஈ. கோலை பற்றீரியா அந்த வகை. உங்கள் தயிர்ச் சட்டியில் தானாக வளர்ந்தது அந்த வகை அல்ல. ஆனால் அந்தப் பற்றீரியாவை வைத்து நீங்கள் உருவாக்கிய புதிய செய்முறைக்குக் கேட்கலாம். விண்ணப்பத்தை உயிரின்மேல் எழுதாமல் செய்முறையின்மேல் எழுதுங்கள். அம்மம்மா உறை போட்ட முறையை அப்படியே தட்டச்சு செய்து கொடுத்தால் எடுபடாது.

அடுத்தது உள்ளூர் அலைச்சல். பிரதேச செயலகத்தில் விசாரித்தால் வியாபாரப் பெயரைப் பதியச் சொல்வார்கள். அந்தச் சான்றிதழ் கடைக்குத்தான், கண்டுபிடிப்புக்கு அல்ல. வர்த்தகக் குறி லேபிளைக் காக்கும், அவ்வளவுதான். சிறு தொழில்களுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் அரசின் விதாதா வள நிலையத்தில் வழி கேட்கலாம், உரிமை வாங்க முடியாது. "எல்லாம் நான் முடித்துத் தருகிறேன்" என்று முற்பணம் கேட்கிற ஆளிடம், வியாபாரப் பெயர், வர்த்தகக் குறி, ஆக்கவுரிமை மூன்றில் எதை முடிக்கப் போகிறார் என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள்.

கண்காட்சி, ஆய்வுச் சுருக்கம், முகநூல் என்று எதிலும் அவசரப்பட்டுக் காட்டாதீர்கள். நீங்களே வெளியிட்டதானால் ஓராண்டுக்குள் இங்கே விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை.

வேலையில் இருந்துகொண்டு கண்டுபிடித்தால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை உரிமை பெரும்பாலும் முதலாளிக்குத்தான். அப்போதும் கண்டுபிடித்தவராக உங்கள் பெயர் வரவேண்டும். எதிர்பாராத அளவுக்கு வருமானம் வந்தால் நியாயமான பங்கும் கேட்கலாம். இதை யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். சம்பளமில்லாத மாணவர் ஊழியர் அல்ல. ஆகவே பல்கலைக்கழகத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன் முழுக்க வாசியுங்கள். திகதியிட்ட ஆய்வுக் குறிப்பேட்டின் பிரதி வீட்டிலும் இருக்கட்டும்.

ஆக்கவுரிமை சரிவராவிட்டால் இரகசியமாக வைத்திருப்பதும் ஒரு வழி. வெளிப்படுத்தாத தகவலுக்கு 160 ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது, நீங்கள் உண்மையிலேயே அதைப் பாதுகாத்திருந்தால் மட்டும். ஒரு கம்பனி "பரிசோதித்துப் பார்க்க மாதிரி தாருங்கள்" என்று கேட்டால், முதலில் இரகசியக் காப்பு ஒப்பந்தம், அப்புறம் மாதிரிக் குழாய்.