15 மீட்டர் என்று போட்டால் தீ அங்கேயே நின்றுவிடுமா?

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். போன வாரம் நம் கடற்கரைப் பக்கத்து ஆலை ஒன்றில் தொந்தரவு அலாரத்தை நிறுத்த ஃபிளேம் டிடெக்டரின் (தீச்சுடரின் கதிரைக் கண்டு அலாரம் கொடுக்கும் கருவி) பார்வைத் திறனைக் குறைத்துவிடும் அதே கூத்தை மறுபடியும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஆலையின் பெயர் வேண்டாம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் ஃபிளேம் டிடெக்டர் மாட்டியிருக்கும் எந்த இடத்திலும் இது நடக்கலாம். சென்னை, தூத்துக்குடியிலும் நடக்கத்தான் செய்கிறது.

விஷயம் இதுதான். எரிபொருள் பம்ப் ஷெட்டைப் பார்த்தபடி நான்கு டிடெக்டர்கள். கண்ட்ரோல் ரூம் பேனலில் நான்குமே பச்சை. ஆண்டுச் சோதனைக்காக, தீயைப் போலவே கதிர் வீசும் டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று ஒழுங்காக அலாரம் கொடுத்தது. இரண்டு, லேம்ப் நேராக முகத்தில் அடித்தும் அரை நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு, தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி அலாரம் கொடுத்தன. நான்காவது எழுந்திருக்கவே இல்லை. டிடெக்டரின் அமைப்பைப் படிக்கவும் மாற்றவும் உதவும் கைக்கருவியான கம்யூனிகேட்டரை மாட்டிப் பார்த்தால், சென்சிட்டிவிட்டி (எவ்வளவு தீயைக் கண்டுகொள்ளும் என்ற அளவு) 15 மீட்டர், அலாரம் டிலே (தீயைப் பார்த்த பிறகு காத்திருக்கும் நேரம்) 30 விநாடி. கூட இருந்த இன்ஸ்ட்ருமென்ட் பையன் நல்ல பையன், வேலை தெரிந்தவன்.

"அண்ணே, கம்யூனிகேட்டர்ல நார்மல்னுதானே காட்டுது?"

"அது இருக்கட்டும் தம்பி. 15 மீட்டர் யார் போட்டது?"

"சாயந்தரமானா அலாரம் வந்துக்கிட்டே இருந்துச்சுண்ணே. வேலிக்கு அந்தப் பக்கம் கருவேலந் தூரு போட்டு எரிப்பாங்க. ஆபீஸ்ல ஒரே சத்தம். அதான் கொறச்சுட்டோம்."

"கொறச்சதும் நின்னுச்சா?"

"கொஞ்சம் நின்னுச்சு. பெருசா எரிஞ்சா அப்பவும் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் டிலேயையும் ஏத்துனோம்."

அவன் சொன்ன பதிலிலேயே உண்மை இருக்கிறது. குறைத்த பிறகும் வேலிக்கு வெளியே எரிந்த தீக்கு அலாரம் வந்திருக்கிறது. ஏன் வந்தது என்று அந்த ஆலையில் ஒருவரும் கேட்கவில்லை.

டிடெக்டருக்குத் தூரம் தெரியாது. இதைத் தனிப் பத்தியாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பத்து வருட அனுபவம் உள்ளவர்கள்கூட இதில்தான் தவறுகிறார்கள். மெனுவில் 15, 30, 45, 65 மீட்டர் என்று இருப்பதைப் பார்த்ததும், காற்றில் அந்த இடத்தில் ஒரு கோடு விழுந்துவிடும், கோட்டுக்கு இந்தப் பக்கத் தீ தெரியும், அந்தப் பக்கத் தீ தெரியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு கோடு கிடையாது. எரியும்போது உண்டாகும் சூடான கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. தன் கண்ணாடிக்கு அந்தக் கதிர் எவ்வளவு வந்து சேர்கிறது, பக்கத்து அலைநீளங்களோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கிறது, விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்து தடவை வரை துடிக்கிறதா என்பதை மட்டும்தான் டிடெக்டர் பார்க்கும். பக்கத்தில் எரியும் சின்னத் தீயும் தள்ளி எரியும் பெரிய தீயும் அதற்கு ஒன்றேதான்.

அப்படியானால் அந்த 15 மீட்டர் என்ன? 0.1 சதுர மீட்டர் தட்டில் ஹெப்டேன் என்ற எரிதிரவத்தை ஊற்றி எரித்தால், அந்தத் தீயை 15 மீட்டரில் வைத்துப் பிடிக்கும் என்று அர்த்தம். தட்டும் திரவமும் இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் கதிர் நான்கில் ஒன்றாகிவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இப்போது கணக்கைப் போடுங்கள். அந்த ஷெட்டின் பம்புகள் டிடெக்டரிலிருந்து 28 மீட்டர். 15-க்குக் குறைத்த டிடெக்டருக்கு அங்கே எரிவது தெரிய வேண்டுமானால், தட்டுத் தீயைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு பெரிய தீ வேண்டும். பம்ப் சீலில் கசிந்து பற்றும் தீ அந்த அளவுக்கு வளரும்வரை டிடெக்டர் வாய் திறக்காது. வேலிக்கு வெளியே 90 மீட்டரில் எரிகிற முள் குவியல்? அதற்கு 36 மடங்கு, அதாவது 3.6 சதுர மீட்டர் ஹெப்டேன் தீக்குச் சமமாக எரிந்தால் போதும். விறகுத் தீயின் கதிர் அளவு வேறுதான், இருக்கட்டும். ஆனால் தூரோடு பிடுங்கிய கருவேலத்தை மலை மாதிரிக் குவித்துக் கொளுத்துவதை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆக, நீங்கள் காக்க வேண்டிய பம்பின் மேல் டிடெக்டரைக் குருடாக்கிவிட்டீர்கள். தொந்தரவு கொடுத்த தீ அதற்கு இன்னும் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. ராத்திரியில் குரைக்கிறது என்று நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கினாலாவது சத்தம் நிற்கும். இதில் அதுகூட நிற்கவில்லை.

இன்னொன்று. தீப்பிடித்ததைப் பார்த்து அலாரம் கொடுத்த டிடெக்டரைப் 'பொய் அலாரம்' என்று பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். அது பொய்யே இல்லை. உண்மையான தீ, உங்களுடைய தீ இல்லை, அவ்வளவுதான்.

டிலே பற்றியும் ஒரு வார்த்தை. வண்டி ஒன்று திரும்பும்போது சைலென்சர் சூடு ஒரு நொடி தெரிவது போன்ற சில்லறைத் தொந்தரவுகளைக் கடந்துபோகத்தான் டிலே. முள் குவியல் மணிக்கணக்கில் எரியும். அதற்கு 30 விநாடி டிலே என்ன செய்யும்? அழுத்தத்தில் பீய்ச்சி எரியும் எரிபொருளுக்கோ 30 விநாடி என்பது ரொம்ப நேரம்.

பிறகு என்னதான் செய்வது? முதலில் கம்யூனிகேட்டரைக் கீழே வையுங்கள். டிடெக்டர் மாட்டியிருக்கும் இடத்தில் ஏறி நின்று, அது எங்கே பார்க்கிறதோ அங்கே பாருங்கள். பெரும்பாலான டிடெக்டர்களுக்கு 90 முதல் 100 டிகிரி வரை பார்வை. தலையைக் கிடைமட்டமாக வைத்து மாட்டினால் பாதிப் பார்வை வேலிக்கு மேலே வானத்தையும் கடலையும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஆலையில் அப்படித்தான் இருந்தது. பிராக்கெட்டைத் தளர்த்திக் கீழ்நோக்கிச் சாய்த்தோம், வேலி பார்வையைவிட்டு வெளியே போனது. சாய்க்கிறபோது பம்ப் பார்வை ஓரத்துக்குப் போய்விடக் கூடாது, ஏனென்றால் ஓரத்தில் பார்க்கும் தூரம் நடுக்கோட்டில் உள்ளதில் பாதி வரைக்கும் குறையலாம். சாய்க்க இடமில்லையென்றால் மறைப்புத் தகடு, அதுவும் முடியாவிட்டால் இடம் மாற்றம். வேலிக்கு அந்தப் பக்கம் எரிப்பவரிடம் போய்ப் பேசுவதும் ஒரு வழிதான். கரிமூட்டம் போடுபவர்கள் நம்முடைய எதிரிகள் இல்லை, விஷயம் தெரிந்தால் குவியலை அந்த ஓரத்துக்குத் தள்ளிப் போடுவார்கள். இதெல்லாம் முடிந்த பிறகும் சென்சிட்டிவிட்டியை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், வடிவமைத்தவர் கணக்குப் போட்டு, மாற்றக் கோரிக்கை எழுதி, கையெழுத்து வாங்கி மாற்றட்டும். ராத்திரி ஷிப்டில் தனியாக இருக்கும் ஒப்பந்தப் பையனிடம் "அதைக் கொஞ்சம் கொறைச்சு விடுப்பா" என்று போனில் சொல்கிற வேலை இனி வேண்டாம்.

எழுந்திருக்காத அந்த நான்காவதைப் பற்றிச் சொல்கிறேன். யாரோ எப்போதோ லூப் டெஸ்ட் (டிடெக்டரிலிருந்து பேனலுக்குப் போகும் கரண்ட்டை ஓர் அளவில் நிறுத்திப் பார்க்கும் சோதனை) செய்து, கரண்ட்டை 4 மில்லியாம்பில் நிறுத்தி, மெனுவிலிருந்து முறையாக வெளியே வராமல் கிளிப்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். டிடெக்டர் தீயைப் பார்த்தாலும் வெளியே 4 மட்டும்தான் போகும். பேனலுக்கு 4 என்றால் 'எல்லாம் நலம்'. போலிங் அட்ரஸ் (லைனில் கருவியை அடையாளம் காட்டும் எண்) பூஜ்யத்தைத் தவிர வேறு எண்ணாக மாறியிருந்தாலும், பழைய ஹார்ட் (HART, அதே கரண்ட் கம்பி வழியாகவே கருவியோடு பேசும் முறை) கருவிகளில் கரண்ட் இப்படியே 4-இல் பூட்டிக்கொள்ளும். பச்சை விளக்கைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹார்ட் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே பாடம் நடத்தப் போவதில்லை. ஆனால் கம்யூனிகேட்டரைக் கையில் எடுக்கிறவர்களுக்குச் சில கண்டிப்பான வார்த்தைகள். பெர்மிட் வாங்காமல், கண்ட்ரோல் ரூமில் சொல்லி அந்த லூப்பின் ஷட்டவுனையும் டெல்யூஜையும் (தானாகத் தண்ணீர் கொட்டும் அமைப்பு) இன்ஹிபிட் செய்யாமல், அதாவது தற்காலிகமாகத் தடுத்துவைக்காமல், கிளிப்பை மாட்டாதீர்கள். லூப் டெஸ்ட்டில் 20 என்று அழுத்தினால் பேனலுக்கு அது தீதான், தண்ணீர் கொட்டும், ஆலை நிற்கும். தொடர்பு கிடைக்கவில்லையா? கம்யூனிகேட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன் லூப்பில் 250 ஓம் மின்தடை இருக்கிறதா என்று பாருங்கள். நேராக பவர் சப்ளைக்குக் குறுக்கே மாட்டினால் எந்தக் கம்யூனிகேட்டரும் பேசாது. தொடர்பு வந்ததும் முதல் வேலை, அந்த டிடெக்டரின் அடையாளமான டேக் நம்பரைப் படிப்பது. ஜங்ஷன் பாக்ஸில் பக்கத்துக் கம்பியைப் பிடித்துவிட்டு வேறொரு டிடெக்டரை மாற்றிவைத்தவர்கள் உண்டு. மெனுவில் சென்சிட்டிவிட்டி, டிலே எதுவுமே வராமல் பொதுவான நான்கைந்து வரிகள் மட்டும் வந்தால், அந்த மாடலுக்கான டிடி ஃபைல் (அதன் மெனு விவரங்களைக் கம்யூனிகேட்டருக்குச் சொல்லும் கோப்பு) உங்கள் கம்யூனிகேட்டரில் இல்லை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாற்றும் முன் இருந்த அமைப்பைச் சேமித்து வையுங்கள். மாற்றியதும் செண்ட் கொடுங்கள், பிறகு மறுபடியும் படித்துப் பாருங்கள். திரையில் எண்ணை மாற்றிவிட்டு அனுப்பாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

பற்றக்கூடிய வாயு இருக்கிற பகுதியில், மின்சாரம் ஓடும்போது டிடெக்டர் மூடியைத் திறக்காதீர்கள். "கம்யூனிகேட்டர் ஐ.எஸ். சர்டிஃபிகேட் வாங்கியதுதானே" என்று என்னிடமே வாதாடுகிறார்கள். வாயுவைப் பற்றவைக்காது என்ற அந்தச் சர்டிஃபிகேட் கம்யூனிகேட்டருக்கு, நீங்கள் திறந்துவைத்த மூடிக்கு இல்லை. வெளியிலேயே ஹார்ட் முனை உள்ள மாடல்கள் இருக்கின்றன, இல்லையென்றால் பாதுகாப்பான பகுதியில், பேனல் பக்கத்து முனையில் மாட்டுங்கள். வெளிச்சம் பற்றாது என்று செல்போன் டார்ச்சைப் பிடிப்பதை இதோடு விட்டுவிடுங்கள் சாமி.

இனி நம் கடற்கரைக்கே உரிய சங்கதி. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் டிடெக்டர் கண்ணாடியை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக, சொரசொரவென்று ஒரு படிவு ஒட்டும். மண்டபம், பாம்பன் பக்கம் அதில் மணலும் சேர்ந்திருக்கும். விடியற்காலையில் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு கசகசத்துப்போகும். அகச்சிவப்புக் கதிரை விழுங்குவதில் தண்ணீருக்கு நிகர் இல்லை. டிடெக்டர் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளுமே என்பீர்கள். சோதிக்கும்தான். ஆனால் பல மாடல்களில் பார்க்கும் தூரம் பாதிக்கும் கீழே போன பிறகுதான் ஃபால்ட் காட்டும். 15-க்குக் குறைத்துவைத்த டிடெக்டரில் பாதி என்றால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரையவிட வேண்டும், பிறகு மெல்லிய சுத்தமான துணி. உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால், கண்ணாடியை விட முதலில் கீறுவது சுயசோதனைக்காக எதிரே வைத்திருக்கும் பளபளப்பான தகடுதான், பிறகு காரணமில்லாமல் ஃபால்ட் வந்துகொண்டே இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் டீசல் துணியைத் தொடவே தொடாதீர்கள். புற ஊதா வகை டிடெக்டர் என்றால் அந்த எண்ணெய்ப் படலமே அதன் கண்ணை மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் கேபிள் உள்ளே நுழையும் இடத்து கிளாண்டுகளையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள், அரித்துப்போன கிளாண்ட் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

பாதுகாப்பு அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். கம்யூனிகேட்டர் பிரிண்ட்அவுட்டை மட்டும் சோதனைச் சான்றாக வாங்கிக் கோப்பில் போடாதீர்கள். அது டிடெக்டர் என்ன நினைக்கிறது என்று சொல்லும். அது சரியாகப் பார்க்கிறதா, பார்த்தது பேனல் வரை போய்ச் சேர்கிறதா என்பது அந்த மாடலுக்கு உரிய டெஸ்ட் லேம்ப்பை, தயாரிப்பாளர் சொன்ன தூரத்தில் நின்று அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அலாரம் வர எத்தனை விநாடி ஆனது என்றும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு கட்டம் உங்கள் படிவத்தில் இருந்திருந்தால், அந்த 30 விநாடி டிலே முதல் சோதனையிலேயே வெளியே வந்திருக்கும். சோதனை முடிந்ததும் இன்ஹிபிட்டை எடுத்துவிட்டீர்களா என்று பேனலில் போய்ப் பார்த்து, நேரத்தோடு கையெழுத்துப் போடுங்கள்.