நென்: ‘ஹண்டர் ஹண்டர்’ மங்காவில் ஆற்றலுக்கு இட்ட பெயர்

நென் என்பது ஒற்றைச் சித்திர எழுத்தால் எழுதப்படும் ஜப்பானியச் சொல். நினைவு, எண்ணம், கவனம், விடாப்பிடியான விருப்பம் ஆகிய நான்கையும் அது ஒருங்கே குறிக்கும். யோஷிஹிரோ தொகாஷி 1998-இல் ஷூகான் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கிய ‘ஹண்டர் ஹண்டர்’ என்னும் மங்காவில், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடரில் (பெயரின் நடுவே எழுதப்படும் பெருக்கல் குறியை வாய்விட்டுப் படிப்பதில்லை), உடலிலிருந்து கசியும் உயிராற்றலை வயப்படுத்திக் கையாளும் கலைக்கு இச்சொல்லே பெயராயிற்று. சாகச மங்காக்களில் வரும் அசாத்திய ஆற்றல்களுக்கு உட்பொருள் உண்டா, அல்லது அவை சண்டைக்குச் சுவைகூட்டும் உத்திகள் மட்டும்தாமா என்று கேட்டால், இந்தத் தொடரைப் பொறுத்தவரை விடை பெயரிலேயே இருக்கிறது என்பேன். அதனால்தான் ‘சூப்பர் பவர்’ என்றோ ‘அமானுஷ்ய சக்தி’ என்றோ இதைத் தமிழில் சொல்லிவிட்டு நகர மனம் ஒப்பவில்லை.

அந்த எழுத்தின் மேற்பகுதி ‘இப்போது’ என்பதற்கான எழுத்து, கீழ்ப்பகுதி ‘நெஞ்சு’. இரண்டையும் சேர்த்து ‘இக்கணத்தில் நிற்கும் நெஞ்சு’ என்று விளக்குவது பரவலான வழக்கம். ஆனால் மேற்பகுதி ஒலியைக் காட்டுவதற்காகச் சேர்ந்தது என்பதே எழுத்தியலார் கொள்கை. அழகாக இருப்பதெல்லாம் சொற்பிறப்பு ஆகிவிடாது. வரலாற்றில் உறுதியாக நிற்பது வேறொன்று. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் வடமொழியின் ‘ஸ்மிருதி’, பாலியின் ‘சதி’ ஆகிய சொற்களுக்கு இந்த எழுத்தையே ஈடாக வைத்தார்கள். ஸ்மிருதி என்றதும் நமக்கு அறநூல்கள் நினைவுக்கு வந்தாலும், அதன் நேர்ப்பொருள் ‘நினைவில் கொண்டது’ என்பதே. பௌத்தத்தின் எண்வகை நெறியில் ஏழாவதாகிய நற்கடைப்பிடி (மனத்தை விழிப்போடு வைத்தல்) ஜப்பானிய மொழியில் ‘ஷோனென்’ ஆனது. சிறுவர்களுக்கான மங்காவைக் குறிக்கும் ‘ஷோனென்’ வேறு எழுத்துகளால் அமைந்த வேறு சொல். ஒலி மட்டும் ஒன்று. ஹோனென் என்னும் துறவி 1175-இல் நிறுவிய ஜோதோ என்னும் பௌத்தப் பிரிவின் மையப் பயிற்சியான ‘நெம்புட்சு’, அதாவது புத்தரை நினைந்து பெயர் சொல்லுதல், இதே நென்னில் தொடங்குவதுதான்.

மடத்திலிருந்து வீதிக்கு வந்த பிறகு சொல் பல கிளைகள் விட்டது. ‘ஷின்னென்’ உறுதியான நம்பிக்கை, ‘ஷூனென்’ விடாத பற்று, ‘ஒன்னென்’ ஆறாத வன்மம். ஏமாற்றத்தில் சொல்லும் ‘ஸன்னென்’ என்பதை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் ‘எஞ்சி நின்ற நினைவு’ என வரும். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த ஃபுகுராய் தொமோகிச்சி, 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எண்ணத்தின் வலிமையால் மட்டும் ஒளிப்படத் தகட்டில் உருவம் பதிக்க முடியும் என்று வாதிட்டு அதற்கு ‘நென்ஷா’ என்று பெயர் வைத்தார். அறிவியலுலகம் அதை ஏற்கவில்லை. அவர் பதவியும் நிலைக்கவில்லை. ஆயினும், நெஞ்சில் கொண்டது புறத்தே பொருளாகும் என்னும் கற்பனைக்கு இச்சொல் பொருந்தும் என்பது தொகாஷிக்கு முன்பே ஜப்பானியர் காதுக்குப் பழகியிருந்தது.

மங்காவில் இந்தக் கலையைக் கற்பிக்கும் விங் என்னும் ஆசிரியர், தொடக்கத்தில் கோன், கில்லுவா என்னும் சிறுவர்களிடம் உண்மையை மறைக்கிறார். எரிதலைக் குறிக்கும் இன்னொரு எழுத்தும் ‘நென்’ என்றே ஒலிக்கும். அதைக் காட்டி, மனத்தை ஒரு புள்ளியில் நிறுத்துதல், நினைத்ததைச் சொல்லாக்குதல், உறுதியை வளர்த்தல், செயலில் இறங்குதல் என்று நான்கு படிகளைச் சொல்கிறார். பிறகு தெரியவரும் மெய்யான நென்னின் நான்கு படிகளும் அதே ஒலிகளையே கொண்டவை: தென், ஸெட்சு, ரென், ஹட்சு. பொருள்தான் வேறு: ஆற்றலை உடலைச் சுற்றிப் போர்த்தல், அடக்கல், பெருக்கல், வெளிவிடல். பொய்ப்பாடம் மனத்தைப் பற்றியது, மெய்ப்பாடம் ஆற்றலைப் பற்றியது. இரண்டும் ஒரே ஒலிகளில் அடங்கிவிடும்போது, அந்தப் பொய்யும் முழுப் பொய்யன்று என்பது வாசகருக்குப் புரிந்துவிடுகிறது.

இதன் விளைவைக் கதைமாந்தரிடம் காணலாம். கொலைத்தொழில் குடும்பத்தில் பிறந்த கில்லுவா பயிற்சி என்ற பெயரில் சிறு வயதிலேயே மின்னதிர்ச்சிக்கு ஆட்பட்டவன். அவன் தன் ஆற்றலை மாற்றியெடுக்கும் வடிவம் மின்சாரம். எந்த வலி அவனை உருவாக்கியதோ அதுவே அவன் கைக்கருவி. குராப்பிக்காவின் இனத்தை ஒரு கொள்ளைக் கூட்டம் அழித்துவிட்டது. அவன் தேர்ந்தெடுப்பது சங்கிலி. அதை மெய்யாகத் தோற்றுவிப்பதற்காக உண்மையான சங்கிலியை நாளெல்லாம் கையில் வைத்து, தடவி, வரைந்து, கனவிலும் அதுவே வரும்வரை பழகுகிறான். நினைவு பொருளாவது என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. அந்தச் சங்கிலிகளுள் ஒன்றை அக்கூட்டத்தார் மேல் மட்டுமே ஏவுவேன், தவறினால் உயிர் போகட்டும் என்று சூளுரைத்து, சங்கிலி முனையைத் தன் நெஞ்சிலேயே பாய்ச்சிக்கொள்கிறான். பகைவரைக் கட்டப் புறப்பட்டவன் முதலில் கட்டுண்டது தன்னிடம். தொகாஷி இந்த ஏற்பாட்டுக்கு ‘செய்யாகு தோ செய்யாகு’ என்று பெயரிடுகிறார்: கட்டுப்பாடும் சூளும், இரண்டுக்கும் முதல் எழுத்து வேறு, ஒலி ஒன்றே.

ஒப்பிட்டால் வேறுபாடு தெளியும். எய்ச்சிரோ ஓடாவின் ‘ஒன் பீஸ்’ தொடரில் ஆற்றல் ஒரு பழத்தைத் தின்பதால் வருகிறது. கதைநாயகன் லூஃபி ரப்பராவது அவன் கடந்த காலத்தின் விளைவு அன்று, அந்தப் பழம் அவன் கைக்கு அகப்பட்டதன் விளைவு. அங்கேயும் குறியீடு உண்டு, கடலோடி நீந்த முடியாதவனாவது சிறிய முரணன்று. ஆனால் அது புறத்திலிருந்து வந்து சேர்ந்தது. நென் அப்படி வந்து சேர்வதில்லை. அதே சமயம் எல்லாவற்றிலும் உட்பொருள் தேடுவோருக்குக் கதைக்குள்ளேயே ஓர் எள்ளல் காத்திருக்கிறது. ஆற்றலின் ஆறு வகைகளைக் கொண்டு ஆட்களின் குணத்தைக் கணிக்கிறான் ‘ஹண்டர் ஹண்டர்’ கதைமாந்தருள் ஒருவனான ஹிசோகா. வலுவூட்டும் வகையினர் எளிய மனத்தர், உருமாற்றும் வகையினர் பொய்யர் என்பது அவன் கணக்கு. அது அவனுடைய சொந்த முடிவே. இரத்த வகையால் குணத்தைச் சொல்லும் ஜப்பானிய வழக்கத்தின் சாயல் அதில் எனக்குத் தெரிகிறது. நம் ஊர் ராசிபலனை நம்பும் அளவுக்கு அதை நம்பினால் போதும்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ‘நினைவு’ இன்று ஞாபகம் என்ற அளவில் சுருங்கிவிட்டது. ‘மனோசக்தி’ மேடை வித்தைக்காரரை நினைவூட்டுகிறது. ‘சித்தி’ என்பது முதற்பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அணிமா முதலிய எட்டும் யார் அடைந்தாலும் அதே எட்டுதான், நென்னோ ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு நெருக்கமாகப் படுவது ‘உள்’ என்னும் அடியிலிருந்து வரும் சொற்குடும்பம். திருக்குறளிலேயே அதன் மூன்று பொருளும் கிடைக்கின்றன: ‘உள்ளினும் தீராப் பெருமகிழ்’ (1201) என்கையில் காதலரை நினைத்தல், ‘உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்’ (596) என்கையில் கருதுதல், ‘உள்ளம் உடைமை உடைமை’ (592) என்கையில் உரையாசிரியர்கள் கொள்ளும் பொருள் ஊக்கம். நினைவும் எண்ணமும் முனைப்பும் ஒரே வேரில் நிற்பது நென்னுக்கும் உள்ளத்துக்கும் பொது. கலையின் பெயராக ஆளும்போது ‘உள்ளம்’ மிக அகலமாகிவிடுவதால், ‘உள்ளுரம்’ என்று வழங்கலாம். ஊக்க மிகுதியே ஒருவனுக்கு வலிமை எனப் பொருள்படும் ‘உரமொருவற்கு உள்ள வெறுக்கை’ (600) என்னும் அடி அதற்குத் துணை நிற்கும்.

இன்னும் ஒன்று இந்த வேரிலிருந்தே கிடைக்கிறது. கில்லுவாவின் மின்சாரத்தைக் ‘குறியீடு’ என்பதைவிட ‘உள்ளுறை’ என்பது சரி. குறியீட்டை ஆசிரியர் எங்கிருந்தும் கொண்டுவந்து ஒட்டலாம். தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமமோ பாட்டின் நிலத்துக் கருப்பொருளிலிருந்தே (அந்நிலத்து மரம், விலங்கு, பறவை முதலியவற்றிலிருந்தே) பிறந்து, சொல்லாத பொருளை உணர்த்துவது. கில்லுவாவின் நிலம் அவன் வீடு.

விங்கின் பொய்ப்பாடம் வரும் பக்கத்தில் மட்டும் ‘உள்ளுரம்’ உதவாது. எரிதலையும் நினைத்தலையும் ஒரே ஒலியில் சொல்லும் சொல் தமிழில் இல்லாததால், மொழிபெயர்ப்பவர் அங்கே ‘நென்’ என்றே விட்டு, கட்டத்துக்கு வெளியே ஒரு குறிப்பு எழுதத்தான் வேண்டும்.